கருகிய வட்டம்

நிலாவெளியில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்யும் என் தங்கையின் மகன், சென்ற மாதம் வீட்டுக்கு வந்தபோது ஒரு சிறிய போத்தல் எண்ணெயைக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து என் மூக்கருகே பிடித்தான். "பெரியம்மா, இது எந்த மரத்துக் காய்?" என்று கேட்டான். உள்ளியும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற மணம். போத்தலின் மேல் ட்ரஃபிள் படம் ஒட்டியிருந்தது. அது காயும் அல்ல, கிழங்கும் அல்ல, மண்ணுக்குள் விளையும் காளான் என்றும், கடைகளில் விற்கும் இத்தகைய எண்ணெய்களில் பெரும்பாலானவற்றுக்கு மணம் தருவது தொழிற்சாலையில் செய்த சேர்மமே என்றும் சொன்னேன். அவன் வேலைக்குப் போய்விட்டான். பாடசாலையில் பல ஆண்டுகள் விவசாய விஞ்ஞானம் கற்பித்த எனக்கோ, அந்தக் காளான் தான் வாழும் மண்ணை என்ன செய்கிறது என்பதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாம் ட்ரஃபிள் என்று அழைக்கும் உருண்டை ஒரு பங்கசின் வித்திகளைத் தாங்கும் பகுதி மட்டுமே. நிலத்துக்கு மேலே குடை விரிக்கும் காளானைப் போல வித்திகளைக் காற்றில் விட அதற்கு வழியில்லை. ஆகவே முற்றியதும் மணம் பரப்பிக் காட்டுப்பன்றியையும் எலி இனங்களையும் அழைக்கிறது. அவை தோண்டித் தின்று, எச்சத்தோடு வித்திகளை வேறிடங்களுக்குக் கொண்டுபோகின்றன. பங்கசின் உண்மையான உடல் ஆண்டு முழுவதும் மண்ணில் படர்ந்திருக்கும் நுண்ணிய இழைகளின் வலை. அவ்விழைகள் ஓக், ஹேசல் போன்ற மரங்களின் வேர்நுனிகளை உறைபோல மூடிக்கொண்டு, மண்ணிலிருந்து நீரையும் பொசுபரசையும் எடுத்து மரத்துக்குக் கொடுத்து, மரம் இலைகளில் செய்த வெல்லத்தைப் பெற்றுக்கொள்கின்றன. பிரஷ்ய அரசு ட்ரஃபிளைப் பயிரிட முடியுமா என்று ஆராயச் சொன்னதால் காட்டு வேர்களைத் தோண்டிப் பார்த்த ஜேர்மன் தாவரவியலாளர் அல்பர்ட் பேர்ணார்ட் ஃபிராங்க், 1885 இல் இந்த உறவுக்கு மைக்கோரைசா என்று பெயரிட்டார். இன்று உலகெங்கும் விவசாய மாணவர்கள் படிக்கும் அந்தச் சொல் ட்ரஃபிள் தேடிய வேலையில் பிறந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி உண்டாகிறது.

ஆனால் இந்த உறவை வெறும் நட்பு என்று சொல்லிவிட முடியாது. கறுப்பு ட்ரஃபிள் குடியேறிய மரத்தைச் சுற்றிச் சில மீற்றர் தூரத்துக்குப் புல்பூண்டு குன்றி, நிலம் தீய்ந்ததுபோல வெறுமையாகிவிடும். பிரெஞ்சு விவசாயிகள் அதைக் கருகியது என்ற பொருளில் ப்ரூலே என்பார்கள். எங்கள் கடற்கரைச் சவுக்கு மரத்தடியில் புல் முளைக்காமல் கிடக்கும் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. சவுக்கின் கீழ் முதன்மையான காரணம் உதிர்ந்து தடித்த மெத்தையாகக் கிடக்கும் சருகுதான். ட்ரஃபிளிலோ பங்கசு இழைகள் வெளிவிடும் எதிலீன் போன்ற சேர்மங்கள் பிற செடிகளின் வேரைத் தாக்குகின்றன. வெறுமை மேற்பரப்போடு நிற்பதுமில்லை. அந்த வட்டத்து மண்ணின் டி.என்.ஏ.யை ஆராய்ந்தவர்கள், உள்ளே கறுப்பு ட்ரஃபிளே மேலோங்கி, வேரோடு வாழும் பிற பங்கசு இனங்கள் வெளியில் உள்ளதைவிடக் குறைந்திருப்பதையும், பற்றீரியாக் கூட்டமும் மாறியிருப்பதையும் கண்டார்கள். மரத்துக்கு உணவூட்டும் அதே உயிர் அண்டை அயலை அகற்றவும் செய்கிறது. மண்ணில் உள்ள உயிர்களை நல்லவை, தீயவை என்று இரண்டாகப் பிரித்துக் கற்பித்த என் பழைய குறிப்புகளை நான் திருத்தியது இதைப் படித்த பிறகுதான்.

காட்டில் அத்தகைய வட்டங்கள் ஆங்காங்கே தோன்றும். இடையிலே வேறு மரங்களும் வேறு பங்கசுகளும் தத்தம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். தோட்டத்தில் நிலைமை வேறு. ஜோசஃப் தாலோன் என்ற பிரெஞ்சு விவசாயி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ட்ரஃபிள் விளைந்த ஓக் மரங்களின் விதைகளை நட்டுத் தோட்டம் போட்டார். 1970களிலிருந்து பங்கசு ஏற்றிய நாற்றுகளே விற்பனைக்கு வந்துவிட்டன. நாற்றுகளை வரிசையாக நட்டு, களை எடுத்து, நீர் பாய்ச்சி, வட்டங்கள் பெருகுவதற்காகவே நிலத்தைப் பேணுகிறார்கள். கறுப்பு ட்ரஃபிளுக்குப் பி.எச். (மண்ணின் அமில, கார அளவு) 7.5 முதல் 8.5 வரையான சுண்ணாம்பு மண் வேண்டும் என்பதால், நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் அமில மண்ணில் ஏராளமான சுண்ணாம்பைக் கொட்டியே தோட்டங்களை உருவாக்கினார்கள். அமிலத்துக்குப் பழகிய நுண்ணுயிர்களுக்கு அது வீட்டையே மாற்றிவிடும் செயல். விளைச்சலைக் கணக்கிடும்போது இந்த இழப்பையும் எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

திருகோணமலையில் ட்ரஃபிள் விளையாது. அதற்கேற்ற மரமும் இல்லை, குளிர்காலமும் இல்லை. இங்குள்ள பாலை, வேம்பு, தேக்கு ஆகியவற்றின் வேரில் வாழ்வது வேறு வகைப் பங்கசு. அது உறை போடாமல் வேர்க்கலங்களுக்குள்ளேயே புகுந்து கிளைவிடும். ஆயினும் ட்ரஃபிளின் உடலுக்குள் ஓர் ஊர்க்காரர் உண்டு. அங்கே மிகுதியாக வாழும் பற்றீரியாக்களில் ஒன்று பிராடிரைசோபியம். வெள்ளை ட்ரஃபிளுக்குள் வளிமண்டல நைதரசனைப் பிடிக்கும் செயல் நடப்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதே பேரினம்தான் நம் கௌப்பியின் வேர்முடிச்சுகளில் குடியிருக்கிறது.

அடுத்த விடுமுறையில் மகன் வந்தபோது, கிணற்றடிப் பாத்தியில் ஒரு கௌப்பிச் செடியை மண் உதிராமல் பிடுங்கி, மிளகளவு முடிச்சொன்றை நகத்தால் பிளந்து காட்டினேன். உள்ளே இறைச்சிச் சிவப்பு. அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஈர மண் மணம்தான், பெரியம்மா" என்றான். பிறகு அடுத்த செடியையும் பிடுங்கலாமா என்று கேட்டான். அது பூத்து நின்றதால் வேண்டாம் என்றேன்.