ஓர் எம்.ஏ. பொருளியல் படிப்பை எடைபோட்டபோது

அக்காள் மகள் இளங்கலை முடித்த கையோடு எம்.ஏ. பொருளியலுக்கு ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, "மாமா, இது தேறுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். கணக்கெடுப்புத் தரவுகளோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு என்பதால் மறுக்க முடியவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

அவள் கையில் இருந்தவை, உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் தேசிய அமைப்பான நாக் (NAAC) கொடுத்த தரமும், ஒன்றிய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப்-இல் (NIRF) பல்கலைக்கழகம் பெற்ற இடமும். ஏழு அளவுகோல்களில் மதிப்பிட்டு நான்குக்கு இத்தனை புள்ளி என்று நாக் வழங்கிவந்திருக்கும் தரத்தில் 3.51-ஐத் தொட்டால் ஏ++ கிடைக்கும். ஆனால் அந்தப் புள்ளி பல்கலைக்கழகம் முழுமைக்கும் உரியது. வேதியியல் துறையின் புதிய ஆய்வுக்கூடமும் பொருளியல் துறையின் காலிப் பணியிடங்களும் அதில் ஒன்றாகக் கரைந்துவிடும். பொறியியல், சட்டம், மருத்துவம் என்று என்ஐஆர்எஃப் தனித்தனிப் பட்டியல்கள் வெளியிட்டாலும் சமூக அறிவியலுக்கென ஒன்று வைத்திருக்கவில்லை.

ஆகவே பாடத்திட்டத்தை எடுத்தேன். காகிதத்தில் குறையே இல்லை: நுண்பொருளியல், பேரியல், பொருளளவியல் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறைகளால் அலசும் பாடம்), ஆய்வு முறையியல் எல்லாம் இருந்தன. பாடத்திட்டத்தை யாரும் அழகாக எழுதிவிடலாம் என்பதால், ஆய்வு முறையியல் தாளுக்கு ஐந்தாண்டு வினாத்தாள்களை வாங்கி வரிசையாக வைத்துப் படித்தேன். "முதனிலைத் தரவு என்றால் என்ன?" என்ற கேள்வி ஐந்தில் நான்கு முறை வந்திருந்தது. ஓர் அட்டவணையைக் கொடுத்து இதிலிருந்து என்ன தெரிகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வரையறைகளை மனப்பாடம் செய்தவர் தேறிவிடுவார். மாதிரியைத் தவறாகத் தேர்ந்தால் முடிவு எப்படிக் கோணும் என்று யோசித்தவருக்கு அந்த யோசனையைக் காட்ட இடமே இல்லை.

நேரில் சென்றபோது துறை நூலகத்தில் மாணவர்களின் ஆய்வேடுகளைப் புரட்டினேன். பெரும்பாலானவற்றில் 120 பேரிடம் வினாநிரல், விழுக்காடு, வட்ட வரைபடம், கடைசியில் "அரசு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்". ஒன்றில் தலைப்பில் ஒரு மாவட்டமும் மூன்றாம் அத்தியாயத்தில் வேறொரு மாவட்டமும் இருந்தன. வழிகாட்டியின் கையொப்பம் மட்டும் சரியான இடத்தில் இருந்தது. (இரண்டு ஆய்வேடுகள் உண்மையிலேயே நன்றாக இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும், இரண்டுக்கும் வழிகாட்டி ஒருவரே.)

நான் கேட்பது பேராசையில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் என்று குறித்துவரச் செய்தார். அது 1918-இல் நூலாயிற்று. அதிலுள்ள இருவேல்பட்டு போன்ற ஊர்களுக்கு 1930-களிலும் பின்னரும் ஆய்வாளர்கள் திரும்பச் சென்று, மாறியது எது, மாறாதது எது என்று ஒப்பிட முடிந்தது. கணினியே இல்லாத காலத்தில் நடந்த அந்த வேலைக்கு நிகராக இந்தப் படிப்பில் இருப்பது, நான்காம் பருவத்தில் ஒரே ஒரு நாள் "களப் பயணம்".

இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். துறைத் தலைவரிடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லி எழுதியும் கொடுத்தேன்: நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், பொருளளவியலுக்குக் கணினி வகுப்பு வாரத்தில் எத்தனை மணி, அந்த நல்ல ஆய்வேடுகளுக்கு வழிகாட்டியவர் ஓய்வுபெற இன்னும் எத்தனை ஆண்டு. மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான் உடனே பதில் வந்தது: அடுத்த மே மாதம். விண்ணப்பங்களில் இதை இரண்டாவது விருப்பமாக இறக்கிவிட்டாள்.