அப்பாவை மூளை-கணினி ஆய்வில் சேர்த்த அனுபவம்

பக்கவாதம் வந்து விரல் திறக்க முடியாதவர்களுக்காக, மூளை அலையைப் படித்து ஒரு இயந்திரக் கையுறையை அசைக்கும் ஆய்வு பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் நடந்தது. காவேரிப்பட்டணத்தில் அப்பாவுக்குப் பிசியோதெரபி செய்பவர்தான் தகவல் சொன்னார். ஓசூர் வழியாகப் பஸ்ஸில் போய்வந்துவிடலாம் என்பதால் சேர்ந்தோம்.

"தலையில ஓட்டை போடுவாங்களாடா?" என்றுதான் அப்பா முதலில் கேட்டார். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக ஒரு மனிதரின் மூளையில் சிப் பொருத்திய செய்தியை அவரும் டிவியில் பார்த்திருந்தார். இது அதுவல்ல. வெளியே மாட்டும் இஇஜி தொப்பி (மூளையின் மின் அலைகளைத் தலைக்கு மேலிருந்தே பதிவது), அறுவை சிகிச்சையே கிடையாது. வலது கையைத் திறப்பதாக மனதில் நினைத்தாலே இடது பக்க மூளையில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் அலை தணியும். கணினி அதைப் பிடித்து உடனே கையுறையை விரிக்கும். நினைப்பும் அசைவும் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால் மூளை புதுப் பாதை பழகும் என்பது எதிர்பார்ப்பு. தலையில் மாட்டும் இப்படியொரு பயிற்சிக் கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-ல் அனுமதி கொடுத்திருக்கிறது.

ரொம்ப நேரம் எடுத்தது ஒப்புதல் படிவம்தான். எடுக்கவும் வேண்டும். அப்பா மாங்காய் மண்டியில் கன்னடம் பேசிப் பழகியவர், ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. தமிழில் படித்துக் காட்டச் சொன்னோம். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த தமிழ்ப் படிவம் வந்த பிறகுதான் பேச்சே தொடங்கியது. ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சியாகக் கடைசிவரை உடனிருந்தார். படிக்கத் தெரியாதவர் என்றால் விதியே அதுதான். நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா, ஏதாவது ஆகிவிட்டால் செலவு யாருடையது, பதிவான மூளை அலை யாரிடம் இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். சேர்பவர்களைக் குலுக்கல் முறையில் கையுறை உள்ள குழு, இல்லாத குழு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். கையுறை இல்லாத குழுவில் விழுந்தால்? ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் பயிற்சி உண்டு என்ற வரியைப் படிவத்திலேயே காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அப்பா கைநாட்டு வைத்தார்.

அவருக்குக் கையுறைக் குழுவே கிடைத்தது. தொப்பிக்குள் ஜெல் விடுவார்கள், வீட்டுக்கு வந்து வெந்நீரில் அலசினால்தான் போகும். அப்பாவுக்கு வெற்றிலைப் பழக்கம். வாயில் ஒன்றும் இல்லாவிட்டாலும் தாடை தானாக அசையும், உடனே திரையில் கோடுகள் தாறுமாறாகக் குதிக்கும். தாடைத் தசையின் மின்சாரம் மூளை அலையைவிட அவ்வளவு பெரியது. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், சரியாகிவிட்டது. நினைப்பது மட்டும்தான் வேலை என்றாலும் முடிந்ததும் நன்றாக அசந்துபோவார். பஸ்ஸில் தூங்கிக்கொண்டேதான் வருவார்.

இப்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரளவு பிரிகின்றன. கையுறையாலா, கூடவே நடந்த பிசியோதெரபியாலா என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இரண்டு குழு.

சேர நினைப்பவர்கள் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) பதிவு எண்ணை முதலில் கேளுங்கள். இந்தியாவில் மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுப் பரிசோதனைகளை அங்கே பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். அந்தத் தளத்தில் எண்ணைப் போட்டு யாரும் தேடலாம். எண் தர மறுக்கிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.