எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பால் பண்ணை

அதை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள், தொழுவம் எந்தப் பக்கம் இருந்தது என்றே இப்போது சொல்ல முடியாது. விடிவதற்கு முன்பே சைக்கிளில் கேன் உரசும் சத்தம் கேட்கும், பால்காரர் மணியடிப்பதற்குள் நான் பாத்திரத்தோடு வாசலில் நிற்பேன். கறந்த சூடு ஆறாத பால், மேலே நுரை, சில நாள் ஒரு வைக்கோல் துணுக்கும் மிதக்கும். காய்ச்சி ஆறவைத்தால் கெட்டியாக ஆடை படியும், அதற்குத்தான் எனக்கும் தம்பிக்கும் தினமும் சண்டை. ஹோமோஜெனைஸ் செய்த பாக்கெட் பாலில் கொழுப்பை நுண்துளிகளாக உடைத்துவிடுகிறார்கள், அப்புறம் எங்கே அந்த மாதிரி ஆடை! சரி, சுத்தம் என்று பார்த்தால் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி வருகிற பாக்கெட் பால்தான் மேல். ஆனால் பண்ணைப் பாலால் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை, காய்ச்சாமல் ஒரு சொட்டு குடிக்க அம்மா விட்டால்தானே!