வார்டு இன்சார்ஜ் நாட்குறிப்பு: மார்ச் 2025

மார்ச் 4, செவ்வாய்

இன்சார்ஜ் நாற்காலிக்கு வந்ததும் புரிந்த முதல் விஷயம், வார்டில் யாரும் என்னிடம் எதையும் சொல்வதில்லை என்பது. போன மாதம்வரை ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்தான், இப்போது நான் உள்ளே போனால் பேச்சை நிறுத்திவிட்டு கேஸ் ஷீட்டைப் புரட்டுகிறார்கள். கோபமெல்லாம் இல்லை, பயம். இந்த நாற்காலியில் இதற்கு முன் இருந்தவர்கள் கத்தியதை எல்லோருமாகச் சேர்ந்துதானே கேட்டோம்.

இன்று காலை நைட் டியூட்டியிடமிருந்து பொறுப்பை வாங்கும் ஓவர் எடுக்கும்போது நைட் டியூட்டி பெண் மற்றவர்கள் நகரும்வரை காத்திருந்து, "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். ஒரு சர்க்கரை நோயாளிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன் 20 யூனிட் இன்சுலின் போட்டிருக்கிறாள். மருந்து ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பி, சிரிஞ்ச் ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி என்று நினைத்து எடுத்துவிட்டாள். ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்துக்கானது, அதில் 20 கோடுவரை இழுத்தால் 0.2 மில்லிதான் வரும், அதாவது அவருக்கு உண்மையில் போனது 8 யூனிட். காலையில் சர்க்கரை ஏறியிருந்ததைப் பார்த்து, யோசித்து, குப்பையில் கிடந்த மூடியைத் தேடிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

கேட்டதும் எனக்குக் காது சூடானது. அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று தெரியும், அதனால் அவளை உட்காரச் சொல்லி நானும் உட்கார்ந்தேன். பிறகு கேட்டது இரண்டே கேள்வி: "பேஷண்ட் இப்ப எப்படி இருக்கார்? டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லியாச்சா?" சொல்லியிருந்தாள். டாக்டர் டோஸை மாற்றி எழுதியிருந்தார், பேஷண்டும் நன்றாகத்தான் இருக்கிறார். ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அழுகைதான் பதிலாக வரும், தகவல் வராது.

மார்ச் 6, வியாழன்

ஏன் நடந்தது என்பது இன்று தெரிந்தது. ஸ்டோரில் சிவப்பு மூடி தட்டுப்பாடு என்று ஆரஞ்சு மூடி சிரிஞ்சைப் பாதி கலந்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ட்ரேயில் கிடந்திருக்கின்றன. இது தலைகீழாக நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்திருந்தால், 50 யூனிட் உள்ளே போயிருக்கும். சர்க்கரை தடாலென்று இறங்கி, ராத்திரி தூக்கத்திலேயே நினைவு தப்பியிருக்கும்.

அதைவிட என்னை உலுக்கியது வேறு. பகல் டியூட்டியில் இரண்டு பேர் இந்தக் கலப்பை முன்பே கவனித்திருக்கிறார்கள், கவனித்து தங்கள் வேலைக்குச் சரியானதைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை என்றால், "சொல்றவங்களுக்குத்தான அக்கா மெமோ வரும்" என்கிறார்கள். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, அதைச் சொல்லும் வழிதான் அடைபட்டிருந்தது. ஒரு மேலாளரின் கோபம் நோயாளியின் உடம்புவரை போய்ச் சேரும் வழி இதுதான்.

ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகள் தனி டிராயருக்குப் போய்விட்டன. ஸ்டோருக்கும் கடிதம் எழுதியாயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

ராத்திரி எமி எட்மண்ட்சன் பற்றி மறுபடி வாசித்தேன். 1990களில் அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தவர். நல்ல குழு உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார், கணக்கோ நேர்மாறாக வந்தது, நன்றாக நடக்கும் வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. யோசித்துப் பார்த்தபோது புரிந்தது, அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, அதிகம் பேசப்பட்டது. வார்டுத் தலைவியிடம் போய்ச் சொல்ல முடிந்த இடத்தில் சொன்னார்கள், முடியாத இடத்தில் மறைத்தார்கள். 1996ல் அதை வெளியிட்டார்.

உணர்வு நுண்ணறிவு என்றதும் எல்லோரும் இனிமையாகப் பேசுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1990ல் சலோவே, மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதை வரையறுத்தபோது சொன்னது, தன்னுடைய உணர்வையும் மற்றவர் உணர்வையும் கவனித்து, பிரித்தறிந்து, அந்தத் தகவலைக் கொண்டு யோசித்து நடப்பது. 1995ல் டேனியல் கோல்மன் அதைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிறகுதான் அது கம்பெனிகளில் எல்லாம் பரவியது. எனக்கு முதல் வரையறைதான் பிடித்திருக்கிறது. அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பயமும் ஒரு தகவல், என் காது சூடானதும் ஒரு தகவல்.

மார்ச் 15, சனி

இன்று கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. ஒரு ஸ்டாஃப் மதியம் 2 மணி ஆன்டிபயாடிக் போடவில்லை, ஆனால் போட்டதாக ஷீட்டில் கையெழுத்து இருக்கிறது. மறந்துபோவது வேறு, கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதுவது வேறு. தனியே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் போடாமல், ஆனால் எதையும் மழுப்பாமல் சொன்னேன்: இது மேட்ரனுக்குப் போகும், நானே எழுதி அனுப்புவேன், நீ என்ன எழுதுவாய் என்பதை நீயே முடிவு செய். அழுதாள். அழுது முடிக்கும்வரை இருந்தேன், அதற்காகக் கடிதத்தை நிறுத்தவில்லை. மனசைப் புரிந்துகொள்வதென்றால் விட்டுக்கொடுத்துவிடுவது என்று யாராவது சொன்னால், அவர்கள் வார்டில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும்.

மார்ச் 19, புதன்

பயிற்சி வகுப்பு. வெளியிலிருந்து வந்தவர், நோயாளியின் உறவினர் எவ்வளவு கத்தினாலும் சிரித்த முகமாக இருங்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னார். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 1983லேயே ஆர்லி ஹாக்சைல்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார், உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே சிரிப்பதும் உழைப்புதான், அதற்கும் ஆள் தேய்கிறார்கள் என்று. அந்த உழைப்பைக் கீழே இருக்கிறவர்களிடம் மட்டும் கேட்பது எந்த ஊர் நியாயம்?

சாயங்காலமே சோதனை வந்துவிட்டது. டிஸ்சார்ஜ் பில் தாமதம் என்று நோயாளியுடன் வந்த ஒருவர் வயதில் சின்ன நர்ஸ் ஒருத்தியைப் பிடித்துக் கத்தினார். நான் நடுவில் போய் நின்று, "அண்ணே, இதுக்கு நான் பதில் சொல்றேன், என்கிட்ட பேசுங்க" என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பிவிட்டேன். அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப் போக கார் பிடித்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருக்கிறார் மனுஷன், அவர் கோபத்திலும் தப்பில்லை. பில்லிங்கில் நானே போய் நின்றேன், அப்புறம் வேகமாக முடிந்தது. இந்த மாதிரிக் கத்தலை வாங்கிக்கொள்ளத்தான் இன்சார்ஜ் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 27, வியாழன்

தரக் கூட்டம். எதிர்பார்த்த கேள்வி வந்தது: உங்கள் வார்டில் மட்டும் இந்த மாதம் ஏன் இத்தனை சம்பவ அறிக்கை? எட்மண்ட்சன் கதையைச் சொன்னேன், பாதிப் பேர் தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொரு அறிக்கையாக எடுத்துப் படித்தேன். பெரும்பாலானவை நோயாளியை எட்டும் முன் பிடிபட்டவை. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், படிக்க முடியாத கையெழுத்து, கைப்பிடி உடைந்த கட்டில். சிரிஞ்ச் விஷயம் வந்தபோது மற்ற வார்டு இன்சார்ஜ் ஒருவர் எங்களிடமும் அப்படித்தான் கலந்து கிடக்கிறது என்றார். உடனே எல்லா வார்டு ட்ரேயையும் பார்க்க உத்தரவு போனது.

ஆனால் அறிக்கைகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது, பல தவறுகள் டபுள் டியூட்டியின் பின்பாதியில் நடந்தவை. நான் எவ்வளவு பொறுமையாகக் கேட்டாலும் பதினாலு மணி நேரம் நின்றவளின் கண் சிரிஞ்ச் மூடியின் நிறத்தைப் பிரித்துப் பார்க்காது. அவள் களைப்பைப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிட்டு அதே ரோஸ்டரை மறுபடி போட்டால், நான் புரிந்துகொண்டதற்கு அர்த்தமே இல்லை. நைட்டுக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும், அதுவரை டபுள் டியூட்டி பார்ப்பவர்கள் இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இரண்டையும் தனியாகப் போடக்கூடாது, இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதை மேட்ரனிடம் வாயால் கேட்டாயிற்று, பார்க்கலாம் என்றார். அறிக்கைகளில் உள்ள நேரங்களையும் சேர்த்து நாளைக் காலை எழுத்தில் கொடுக்கப்போகிறேன்.