கோடிப்புறத்துக் கிடங்கு

அம்மாவின் காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து குப்பை என்று ஒன்று படலைக்கு வெளியே போனதாக எனக்கு நினைவில்லை. யாழ்ப்பாணத்தில் 6 பரப்பு வளவு. வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்தில் வாழைகளுக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கு இருக்கும். மீன் செதில், மரக்கறித் தோல், கூட்டி அள்ளிய சருகு எல்லாம் அதற்குள்தான். நிறைந்தால் மண் போட்டு மூடிவிட்டு, நாலடி தள்ளி இன்னொன்று வெட்டுவோம். மூடிய இடத்தில் அடுத்த மாரிக்கு ஒரு கதலிக் குட்டி நிற்கும்.

அந்த 6 பரப்பில் இப்போது மூன்று வீடுகள். எனக்கு வந்தது 2 பரப்பு, அதாவது 20 பேர்ச். அதற்குள் வீடு, கிணறு, மலசலகூடக் குழி, கார் நிறுத்தச் சீமெந்துத் தளம். கிடங்கு வெட்டினால் கிணற்றடியில்தான் வெட்ட வேண்டும். எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல். மேலே கொட்டுவதன் சாறு வெடிப்புகள் வழியே சுலபமாகக் கீழே இறங்கிவிடும். நாங்கள் அள்ளிக் குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான். மீன் செதிலோடு போனால் சரி, இப்போது பற்றரியும் பம்பர்ஸும் அல்லவா சேர்ந்திருக்கிறது.

ஆகவே குப்பை வண்டியை நம்பி இருக்கிறோம். வராத கிழமைகளில் ஒழுங்கை முடக்கில் பைகள் குவியும், நாய்கள் இழுக்கும், யாராவது ஒருவர் பொழுதுபட நெருப்பு வைப்பார். வேப்பஞ்சருகு எரியும் மணம் எனக்குப் பிடிக்கும். அதற்குள் சொப்பிங் பையும் எரிந்தால் தொண்டை கரகரக்கும். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பில் மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில், சோறு சுற்றும் பிளாஸ்ரிக் தாளான லஞ்ச் சீற்றைத் தடை செய்தார்கள். நேற்று நான் வாங்கிய சோற்றுப் பார்சலை எதில் சுற்றியிருந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

போன மாதம் எனக்கு ஒரு ஞானம் பிறந்து இரண்டு வாளி வாங்கினேன். ஒன்று உக்குவதற்கு, மற்றது உக்காததற்கு. வண்டி வந்தது. தம்பி ஒருவர் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கவிழ்த்தார்.

"தம்பி, பிரிச்செல்லோ வைச்சனான்!"

"அண்ணை, பெட்டி ஒண்டுதானே."

கோபம் வந்தது. அவர் அதைக் கவனிக்காமல் அடுத்த வீட்டுப் பையைத் தூக்கினார். அப்போதுதான் அவருடைய சுட்டுவிரலைப் பார்த்தேன். அழுக்கேறிய துணிச்சுற்று. என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கிளாஸ் துண்டு. பேப்பரில சுத்திப் பைக்குள்ள போட்டிருக்கினம். எந்த வீடெண்டு தெரியாது."

எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. முதல் கிழமை எங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் உடைந்தது. பேப்பரில் சுற்றியது நான்தான். வேறு வீட்டுக் கிளாஸாகவும் இருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

யாழ் நகரத்துக் குப்பை போய்ச் சேருவது கல்லுண்டாய்க்கு. காரைநகர்ப் பக்கம் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் கண்ணாடியை ஏற்றுவார்கள், நானும்தான். வெளியில் மாடுகள் பைகளை மென்றுகொண்டு நிற்கும். எட்டத்தில் அராலியில் வழுக்கையாறு கடல்நீரேரியோடு சேர்கிறது. நவாலி, அராலி ஆட்களுக்கு அங்கே குப்பை எரியும் புகை வீட்டுக்குள் வரும். எங்கள் வளவுகளில் இருந்த கிடங்குகளையெல்லாம் கூட்டி அவர்களுடைய கோடிப்புறத்தில் வெட்டி வைத்திருக்கிறோம். அவர்கள் மறியல் செய்தால் 'எங்கட குப்பையை எடுக்கினமில்லை' என்று நாங்கள் முறையிடுகிறோம்.

இப்போது தோலையும் சருகையும் மட்டும் மதிலோரம் மிஞ்சியிருக்கும் ஒற்றை வாழைக்குப் போடுகிறேன். மனைவிக்கு இலையான் வருகிறது என்று முறைப்பாடு, நியாயம்தான். உடைந்த கண்ணாடிக்கு ஒரு பழைய பால்மா ரின். நிறைந்ததும் மூடியை இறுக்கி அந்தத் தம்பியின் கையில் கொடுத்தேன்.

"இதென்ன அண்ணை?"

"கண்ணாடி."

அவர் அதைப் பெட்டிக்குள் எறியவில்லை. முன்னால் கொண்டுபோய்ச் சாரதியின் காலடியில் வைத்துவிட்டு வந்தார்.