அந்த ஒரு வரி

“நீங்க பார்த்ததைத்தானே தம்பி எழுதச் சொல்றேன்” என்றார் அவர். நான் பார்க்கவில்லை என்பதுதான் என் பதிலாக இருந்தது. இரண்டுமே சரி என்று இப்போது தோன்றுகிறது. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

கார் ஸ்பீடோமீட்டர் ரிப்பேர் பார்க்கும் என் கடைக்கு முதலில் வந்தது அவர் மகன். காலேஜ் பையன். வேக எண்கள் அச்சடித்த வெள்ளை டயல் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, வீட்டிலேயே மீட்டரைக் கழற்றி மாற்றியிருந்தான். வேலை சுத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பிறகே மீட்டரின் ஒயர் செருகும் கப்ளரைத் தொட்டிருக்கிறான். முள்ளுக்கு அடியில் இரண்டு ஸ்பூனை எதிரெதிரே கொடுத்து நேராக நெம்பியதால் மோட்டார் தண்டு வளையவில்லை. சென்னையின் கார் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் சம்பளம் வாங்கிக்கொண்டே இதைவிட மோசமாகக் கழற்றுகிறவர்கள் உண்டு.

“அண்ணே, இக்னிஷன் போட்டா முள் கரெக்டா ஜீரோல நிக்குது. ஆனா ஓஎம்ஆர் ரோட்ல போனா 73லயே பீப் அடிக்குது” என்றான்.

வேகம் கூடினால் எச்சரிக்கும் அந்த பீப் 80ல் அடிக்க வேண்டும். 2019 ஜூலை முதல் புதுக் கார்களுக்கு அது கட்டாயம். இந்த வண்டியில் அது முள்ளைப் பார்த்து அடிப்பதில்லை. கணக்கு மீட்டருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டிலேயே நடக்கிறது. பழைய டயலைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் 220 வரை இருந்தது, புதியதில் 200 வரை. வேறு மாடலுக்கு அச்சடித்தது. முள் சுற்றும் கோணம் ஒன்றுதான், எண்கள்தான் வேறு. 80ல் போனால் புதிய டயலில் முள் 73ல் நிற்கும். 66ல் போனால் 60 காட்டும். சென்னைக்குள் காருக்கு 60தான் வரம்பு, பையன் ஒழுங்காக ஓட்டுவதாக நினைத்துக்கொண்டே அபராதம் கட்டியிருப்பான். முள்ளைப் பிடுங்கி வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. 60க்குச் சரியாக வைத்தால் ஜீரோவில் தப்பும். மீட்டர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது. பழைய டயலையே போட்டு, ஜிபிஎஸ்ஸோடு ஓட்டிப் பார்த்துக் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து அப்பா வந்தார். வண்டியை விற்கப் போகிறாராம். வாங்க வந்தவரின் மெக்கானிக், மீட்டர் கண்ணாடி ஓரத்தில் நெம்பிய தடத்தைப் பார்த்துவிட்டு, கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். ஓடோமீட்டரை யாரும் தொடவில்லை என்று ஒரு வரி எழுதி, கடை சீல் போட்டுத் தர வேண்டும். அவ்வளவுதான்.

ஓடிய கிலோமீட்டர் போர்டில் உள்ள மெமரி சிப்பில் இருக்கிறது. டயல் என்பது மேலே ஒட்டிய அச்சுத் தகடு. அதை மாற்றினால் கிலோமீட்டர் மாறாது, இதில் எனக்குத் துளி சந்தேகமில்லை. ஆனால் அந்த போர்டு அவர்கள் வீட்டில் எத்தனை நேரம் திறந்து கிடந்தது, யார் கையில் இருந்தது, எனக்கு எப்படித் தெரியும்? கிலோமீட்டரைக் குறைத்துத் தரச் சொல்லி என் கடைக்கே ஆள் வருவதுண்டு. சிப்பைப் போர்டில் பற்றவைத்த சால்டர் கைபடாமல் இருந்ததைப் பார்த்தேன்தான். ஆனால் இப்போதெல்லாம் சால்டரைத் தொடாமலே கம்ப்யூட்டரை இணைக்கும் டயக்னாஸ்டிக் போர்ட் வழியாக மாற்றிவிடுகிறார்கள்.

பையன் செல்போனில் காட்டிய போட்டோவும் நினைவிருந்தது. கழற்றுவதற்கு முன் எடுத்தது, 41 ஆயிரத்துச் சொச்சம். என்னிடம் வந்தபோதும் 41 ஆயிரத்துச் சொச்சம். அதை அவன் யாரையும் ஏமாற்றக் காட்டவில்லை, வெள்ளை டயலுக்கு முன்னும் பின்னும் எப்படி இருக்கிறது என்று பெருமைக்குக் காட்டினான்.

“சர்வீஸ் ரெக்கார்டு இருக்குமே சார், அதைக் காட்டுங்க” என்றேன். வாரண்டி முடிந்ததிலிருந்து தெருமுனை மெக்கானிக்கிடம்தான் விடுகிறாராம், அவர் எதையும் எழுதி வைப்பதில்லை.

“அப்ப, எம் பையன் பொய் சொல்றான்னு நினைக்கிறீங்களா?”

“அப்படி இல்ல சார். நான் இல்லாதப்ப நடந்ததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

சரி என்று எழுந்துவிட்டார். தனியாக ஏதாவது தருகிறேன் என்று சொல்லியிருந்தால் கோபப்பட்டு அனுப்பியிருப்பேன், மறந்தும் போயிருப்பேன். அவர் பணப் பேச்சே எடுக்கவில்லை.

எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தால் என் சீலுக்கு என்ன மதிப்பு? இதைப் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டாயிற்று. ஆனால் என்னிடம் வந்த தேதியில் இவ்வளவு கிலோமீட்டர், நான் டயலை மட்டுமே மாற்றினேன் என்று எழுதியிருக்கலாமே. அது பொய்யில்லை. அதை வைத்துக்கொண்டு விற்கிறவர் என்ன வேண்டுமானாலும் பேசுவார் என்பதும் பொய்யில்லை. மறுபடி அதே இடம்.

இப்போது மீட்டர் வேலைக்கு வரும் வண்டி எதுவானாலும், கைவைப்பதற்கு முன் இக்னிஷன் போட்டுப் போட்டோ எடுத்து, கிலோமீட்டரைப் பில்லில் எழுதிவிடுகிறேன். போன வாரம் ஒருவர் அது எதற்கு, எழுத வேண்டாம் என்றார். எழுதாமல் திறக்க மாட்டேன் என்றேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எதையாவது மறைத்தாரா, நான் கெடுபிடி செய்கிறேன் என்று சலித்துக்கொண்டாரா, தெரியவில்லை.