யார் கேட்டாலும் ‘சிமென்ட் கம்பெனி’ என்று சொல்லாதீர்கள்

போன அக்டோபரில் அப்பாவின் கணக்கில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) பணம் ஏறியது. வேலையால் வந்த ஊனத்துக்குத் தரும் நிரந்தர ஊனப் பயன், பாக்கியோடு சேர்த்து. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்து காட்டினேன். கண்ணாடியை எடுத்து வரச் சொல்லி இரண்டு முறை படித்தார். இதற்காக அலைந்தது பத்தொன்பது மாதம். அதில் பாதியைத் தின்றது ஒரே ஒரு வார்த்தை: சிமென்ட். சொல்லியிருக்க வேண்டியது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ்.

அப்பாவுக்குக் கூரை ஷீட் செய்யும் கம்பெனியில் வேலை. (கம்பெனி பெயர், ஊர்ப் பெயர் எதுவும் போடப் போவதில்லை. தெரிந்தவர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்.) 1998-ல் சேர்ந்தார். முதல் பதினொரு வருடம் நார்ப் பிரிவு. மூட்டையைக் கத்தியால் கிழித்து, நாரை மிஷினில் கொட்ட வேண்டும். மூக்குக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அந்தச் சட்டையை அம்மா வாசலில் உதறித்தான் துவைக்கப் போடுவார். அம்மாவுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று எனக்கு உறைத்ததே போன வருடம்தான்.

எங்கள் பக்கம் அந்த ஷீட்டுக்கு சிமென்ட் ஷீட் என்றுதான் பேர். அதனால் கம்பெனியும் சிமென்ட் கம்பெனி. ஆஸ்பத்திரியில் ‘என்ன வேலை?’ என்று கேட்டபோதெல்லாம் அப்பா அப்படியே சொன்னார், அவர்களும் அப்படியே எழுதினார்கள்.

இருமலும் மூச்சு வாங்கலும் வந்ததும் முதலில் ஆறு மாதம் காசநோய் மாத்திரை. சளியில் கிருமி ஒரு தடவைகூடத் தெரியவில்லை. அப்புறம் ‘பீடி குடிச்ச நுரையீரல்’. குடித்தார், இல்லை என்று சொல்லவில்லை. விட்டுப் பதினைந்து வருடமாகிறது. கடைசியாக எடுத்த ஸ்கேனில் இரண்டு நுரையீரலின் அடிப்பகுதியிலும் தழும்பு, மேலுறையில் அங்கங்கே சுண்ணாம்பு படிந்த தடிப்பு. பீடிக்கு இந்தத் தடிப்பு வராது என்று சொன்ன நெஞ்சுநோய் டாக்டர்தான், “சிமென்ட்ல என்ன கலப்பீங்க?” என்று கேட்ட முதல் ஆள். “கல்நாருங்க” என்றார் அப்பா. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொன்னதில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ் (கல்நார்த் தூசியால் வரும் நுரையீரல் நோய்) என்று எழுதிக் கொடுத்ததோடு, தொழிற்சாலைகள் சட்டம் 89-வது பிரிவின்படி தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கும் அவரே தெரிவித்தார். டாக்டர் செய்ய வேண்டிய கடமை அது. உங்கள் டாக்டர் தயங்கினால் அதைச் சொல்லிக் கேளுங்கள். (2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. நான் சொல்வதெல்லாம் எங்கள் கேஸ் நடந்த பழைய சட்டத்தின் எண்கள்.)

இ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அதாவது வேலையால் வரும் நோய்களின் பட்டியலில், ஆஸ்பெஸ்டோசிஸ் பெயரோடு இருந்தது. எனவே சுலபமாக முடிந்துவிடும் என்று கிளை அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகளைப் புரட்டி, “இதுல சிமென்ட்னு இருக்கு, நீங்க ஆஸ்பெஸ்டாஸ்ங்கறீங்க. எதும்மா நிஜம்?” என்றார். எரிச்சலாக இருந்தாலும் நியாயமான கேள்வி. அடுத்து விபத்து அறிக்கை கேட்டாரே, அதுதான் தாங்கவில்லை. பதினொரு வருடம் தூசி குடித்ததற்கு எந்தத் தேதியைப் போடுவது? “கம்பெனில எழுதி வாங்கிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

கம்பெனிக்கு மூன்று நடை. முதல் நாள் எச்.ஆர். லீவு. இரண்டாம் முறை கடிதம் கிடைத்தது: ‘ஜெனரல் ஹெல்பர், 26 ஆண்டுகள்’. நார்ப் பிரிவைப் பற்றி மூச்சில்லை. மெடிக்கல் செக்கப் பதிவேடு கேட்டேன். “பத்து வருஷத்துக்கு மேல வச்சுக்கறதில்லைம்மா.” சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு வந்த மடத்தனத்தை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

சங்கத்து அண்ணன் ஒருவர் சொல்லித்தான் 1995 ஜனவரி 27 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தெரிய வந்தது. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் போட்ட வழக்கு. கல்நார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் அவர் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, வரிக்கு மஞ்சள் மார்க்கர் போட்டு, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் போனால், இல்லாத பதிவேடு மேஜை மேல் இருக்கிறது! 2001, 2003, 2006 என்று அப்பா பெயர். பக்கத்தில் பிரிவு: ஃபைபர். நகலில் சீல் வாங்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சாட்சிக்குக் கூட வேலை பார்த்த இருவரின் உறுதிமொழிப் பத்திரமும் கொடுத்தோம். ஒரு மாமா மறுத்துவிட்டார். அவர் பையன் அங்கே கான்ட்ராக்டில் இருக்கிறான். கோபமில்லை.

நடுவில் ஒரு வக்கீல், கம்பெனி மேல் தனியாக நஷ்டஈடு கேஸ் போட்டுப் பத்து லட்சம் வாங்கலாம் என்று ஐயாயிரம் முன்பணம் வாங்கினார். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் அதே நோய்க்கு முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது, அப்போதைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-வது பிரிவு தடுத்தது. இது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே போனவர்களுக்கு வழி வேறு. அவர்கள் அப்போது 1923-ஆம் வருடச் சட்டத்தின்படி ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம் போக வேண்டியிருந்தது.

மெடிக்கல் போர்டுக்கு (எவ்வளவு ஊனம் என்று முடிவு செய்யும் டாக்டர்கள் குழு) முதல் தேதியில் ஸ்கேனை சிடியாகக் கொண்டுபோனோம். ஃபிலிம் வேண்டுமாம். ஐந்து மணி நேர பஸ், திரும்பவும் ஐந்து மணி நேரம், நடுவே அப்பாவுக்கு ஒரு இன்ஹேலர் காலி. எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபிலிம், ரிப்போர்ட், ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை), எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுத்துக்கொண்டு போங்கள். அடுத்த தேதியில் பத்தே நிமிடம்.

சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று போட்டார்கள். சராசரி தினக்கூலி 640. அதில் 90 சதவீதம் 576, அதில் 30 சதவீதம் 172 ரூபாய் 80 காசு. மாதம் ஐயாயிரத்துச் சொச்சம், ஆயுள் முழுக்க. வேலையில் இருந்துகொண்டேயும் வாங்கலாம். சதவீதம் குறைவு என்று தோன்றினால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். நான் துடித்தேன். அப்பா, “இன்னொரு பஸ் என்னால ஆகாது சாமி” என்றுவிட்டார்.

ஜூன், டிசம்பர் இரண்டிலும் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். டிசம்பரில் கொடுத்துவிட்டோம். அம்மாவின் எக்ஸ்ரேயையும் அப்போதே எடுத்தோம், அதில் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்ததை அடித்து, ‘கல்நார் ஆலைத் தொழிலாளியின் மனைவி’ என்று மாற்றி எழுத வைத்தேன்.